துணி மூட்டையில் மாவு வாங்கி வீட்டில் சேர்த்து வைக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: நாகப்பட்டினத்தில் ஐந்து பேர் உள்ள வீடு, வாரக் கடைசியில் ரொட்டியும் பிஸ்கட்டும் செய்து அக்கம்பக்கத்தில் விற்கிறீர்கள், மொத்தக் கடையில் 50 கிலோ மைதாவும் 30 கிலோ கோதுமை மாவும் துணி மூட்டையாகக் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கிடைக்கின்றன, ஆறு மாதத்துக்கு ஒரே தடவையாக வாங்கிப் போடலாமா, அப்படிப் போட்டால் அந்த மூட்டையிலேயே வைக்கலாமா, டிரம்மில் கொட்டிவிட வேண்டுமா. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மூட்டையா டிரம்மா என்பது சிறிய கேள்வி. மாவு எத்தனை நாள் கெடாமல் இருக்கும், அதற்குள் உங்கள் வீடு அதைச் செலவழித்து முடிக்குமா என்பதுதான் பெரிய கேள்வி. இரண்டாவதற்கு விடை தெரிந்துவிட்டால் முதலாவது தானாகவே அடங்கிவிடும்.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்து, ரோலர் மாவு ஆலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினோரு ஆண்டுகளும், அதன்பின் பேக்கரி ஒன்றின் சரக்குக் கிடங்கைப் பார்த்துக்கொண்டு ஒன்பது ஆண்டுகளும் வேலை செய்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மைதாவை மூட்டையாக வாங்குங்கள், ஆனால் இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள்; கோதுமை மாவை மூட்டையாக வாங்கவே வேண்டாம், அதற்குப் பதில் கோதுமையாக வாங்கி வைத்து மாதாமாதம் அரைத்துக்கொள்ளுங்கள். துணி மூட்டை மாவை ஆலையிலிருந்து உங்கள் வாசல்வரை கொண்டுவருவதற்கு மிக நல்ல பொருள். கடலோர ஊரில் மாதக்கணக்கில் மாவை வைத்துக் காப்பதற்கு அது போதாது.

மைதாவையும் கோதுமை மாவையும் ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்றால், இரண்டும் கெடுகிற வழி வேறு. கோதுமை மணியில் முளைக்கரு என்ற சிறு பகுதி உண்டு. எடையில் நூற்றுக்கு மூன்று பங்குகூட இராது, ஆனால் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு எண்ணெய். மணி முழுதாக இருக்கும்வரை அந்த எண்ணெயும், அதைச் சிதைக்கிற நொதியும் தனித்தனி அறைகளில் இருப்பவை போல இருக்கின்றன. அரைத்தவுடன் இரண்டும் கலந்து, காற்றும் சேர்ந்து, எண்ணெய் சிறிது சிறிதாகக் காறத் தொடங்கிவிடுகிறது. மைதாவில் தவிடும் முளைக்கருவும் நீக்கப்பட்டிருப்பதால் கொழுப்பு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் நின்றுவிடும். முழுக்கோதுமை மாவில் ஏறத்தாழ இரண்டு. இந்தியாவின் உணவுத் தர விதிகளில்கூட, மாவு பழசாவதைக் காட்டும் சாராய அமிலத்தன்மை என்ற சோதனைக்கு மைதாவில் 0.12 விழுக்காடு, ஆட்டா எனப்படும் முழுக்கோதுமை மாவில் 0.18 விழுக்காடு என்று தனித்தனி மேல்வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆலையில் ஒரே நாளில் எடுத்த இரு மாதிரிகளைச் சாதாரண அறை வெப்பத்தில் வைத்துப் பார்த்தால், ஆட்டாவின் எண் மேலே ஏறும் வேகம் கண்கூடாகத் தெரியும். மூட்டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வண்டே விழாவிட்டாலும் இது நடக்கும். நம் ஊர் வெப்பத்தில் கோதுமை மாவுக்கு நான் ஒப்புகிற கெடு ஆறு வாரம், மிஞ்சினால் இரண்டு மாதம்.

இனி செலவுக் கணக்கு. ஒரு சப்பாத்திக்கு 30 முதல் 35 கிராம் மாவு போகும். ஐந்து பேருக்கு இருபது சப்பாத்தி என்றால் ஒரு வேளைக்கு 650 கிராம் அளவு. வாரம் மூன்று இரவு சப்பாத்தி போடுகிற வீட்டில் மாதம் எட்டு அல்லது ஒன்பது கிலோதான் தீரும். 30 கிலோ சிப்பம் மூன்றரை மாதம் கிடக்கும். கிலோவுக்கு ஐந்து ரூபாய் மிச்சம் என்பது 30 கிலோவுக்கு 150 ரூபாய். கடைசி நான்கு கிலோ காறிப்போய்க் கொட்ட நேர்ந்தால் அந்த மிச்சம் முழுவதும் அதோடு போய்விடும், கையிலிருந்தும் சிறிது போகும். ஒரு பரோட்டாக் கடைக்கு 50 கிலோ மைதா இரண்டு நாள் சரக்கு. கடைக்காரருக்கு மூட்டை மலிவாக முடிவதற்குக் காரணம் அவர் அதை வைத்திருப்பதே இல்லை என்பதுதான். உங்கள் மைதாச் செலவை நீங்கள் எழுதவில்லை; வாரம் ஐந்து கிலோ என்று வைத்துக்கொண்டால் 50 கிலோ பத்து வாரத்தில் முடிந்துவிடும், அது சரியான அளவே. வாரம் இரண்டு கிலோதான் என்றால், 50 கிலோ மூட்டையை இன்னொரு வீட்டோடு பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் என்ற கணக்கை நான் ஏற்காததற்கு முதன்மையான காரணம் நாகப்பட்டினத்தின் காற்று. மாவு தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். துணி அதைத் தடுக்காது. காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைச் சுற்றி இருக்கும்போது மாவின் ஈரம் 13, 14 விழுக்காட்டில் நிற்கும். விதிப்படி மைதாவுக்கும் ஆட்டாவுக்கும் மேல்வரம்பு 14. வடகிழக்குப் பருவமழை பெய்கிற ஐப்பசி, கார்த்திகையில் கடலோரத்துக் காற்று அந்த எல்லையை நாட்கணக்கில் தாண்டியே இருக்கிறது. ஆலையிலிருந்து 12 விழுக்காட்டு ஈரத்தோடு வந்த 50 கிலோ மூட்டை 14.5 விழுக்காட்டை எட்டினால் எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கூடிவிடும். கூடியது வெறும் தண்ணீர். அந்த நிலையில் மாவு கட்டி தட்டும், மக்கிய வாடை வரும், பூசணத்துக்கு வழி திறந்துவிடும். இதே மூட்டை தருமபுரியிலோ சேலத்திலோ மாசி மாதத்தில் இருந்தால் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். ஆகவே தை முதல் வைகாசி வரை வாங்கும் மைதா மூட்டைக்கு மூன்று மாதமும், புரட்டாசிக்குப் பிறகு வாங்குவதற்கு ஒன்றரை மாதமும் கெடு வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் படிப்பால் மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. பேக்கரிக் கிடங்கில் சேர்ந்த முதல் ஆண்டு, இடம் போதவில்லை என்று பதினான்கு மைதா மூட்டைகளைச் சுவரோடு ஒட்டி, சிமெண்டுத் தரையில் நேராகவே அடுக்கச் சொன்னேன். கார்த்திகை மழைக்குப் பின் அவற்றை எடுத்தபோது அடி வரிசையில் ஆறு மூட்டைகளின் கீழ்ப்பக்கம் கல்லாக இறுகியிருந்தது. பிரித்தால் உள்ளங்கை கனத்துக்குச் சாம்பல் நிறப் பூசணம். மேல் வரிசையில் ஒரு குறையும் இல்லை. கூரை ஒழுகவில்லை, தண்ணீர் புகவில்லை. தரையும் சுவரும் கசியவிட்ட ஈரத்தைத் துணி திரிபோல உறிஞ்சியிருக்கிறது. அன்று முதல் மரச்சட்டம் போட்டுத் தரையிலிருந்து அரை அடி உயரத்திலும், சுவரிலிருந்து கை நுழைந்து பெருக்குகிற அளவு தள்ளியும்தான் மூட்டையை வைக்கிறேன். வீட்டில் ஒரே ஒரு மூட்டை இருந்தாலும் இந்த இடைவெளியை விடுங்கள். மண்ணெண்ணெய், பினாயில், சலவைத்தூள், வெங்காயக் கூடை ஆகியவற்றுக்குப் பக்கத்திலும் வேண்டாம். மாவு வாடையை வெகு எளிதில் வாங்கிக்கொள்ளும்.

துணி மூட்டையைக் குறைசொல்வதாக எண்ண வேண்டாம், அதற்கென்று ஒரு சிறப்பு உண்டு. எந்திரத்திலிருந்து இறங்கும் மாவு சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு பாலிதீன் பையில் அடைத்துக் கட்டினால் உள்ளே ஆவி வியர்த்து, பையின் ஓரத்தில் ஈரக்கட்டிகள் உருவாகும். துணி அந்த வெப்பத்தையும் ஆவியையும் வெளியே விட்டுவிடும். மாவு மில்லில் அரைத்து வந்த மாவை நம் வீடுகளில் வேட்டியில் பரப்பி ஆறவைத்த பிறகே டின்னில் போடுவார்கள் அல்லவா, அந்த வேலையைத் துணி மூட்டை வழிப்பயணத்திலேயே செய்துவிடுகிறது. இன்னொன்று, புத்தம் புதிய மைதாவைவிட இரண்டு மூன்று வாரம் காற்றுப்பட்ட மைதா ரொட்டிக்கு நன்றாக இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் பசைப் புரதத்தை இறுக்கி, நிறத்தையும் சற்று வெளுக்கச் செய்கிறது. மாவு கையில் ஒட்டுகிறது, இழுவை நிற்கவில்லை என்று பரோட்டா மாஸ்டர்கள் மூட்டையைத் திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். பல தடவை அது கெட்ட மாவாக இராது, ஆறாத புது மாவாகவே இருந்தது.    

துணியின் குறை பூச்சி விஷயத்தில் தெரியும். மாவில் நாம் பார்க்கிற சிவந்த சிறு வண்டு டிரைபோலியம் காஸ்டேனியம் என்பது. அரிசியில் மூக்கு நீண்டு தெரியும் கூன்வண்டு வேறு. அது முழு மணியைத் துளைத்து உள்ளே வாழ்வது. சிவப்பு மாவு வண்டு துளை போடுவதில் வல்லது அன்று, ஆனால் இருக்கிற இடைவெளியைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரப் பூச்சி. மூட்டையின் தையல் வாயில் ஊசி போட்ட துளைகளே அதற்குப் போதும். நம் வெப்பநிலையில் முட்டை சில நாளில் பொரிந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் முழு வண்டாகிவிடும்; ஒரு பெண் வண்டு தன் ஆயுளில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். முட்டையின் மேல் பசை இருப்பதால் மாவு அதில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்கே தெரியாது. வீட்டுச் சல்லடையில் சலித்தால் வண்டும் வளர்ந்த புழுவும் தங்கும், முட்டையும் குஞ்சுப் புழுவும் பெரும்பாலும் கீழே இறங்கிவிடும். சலித்த மாவில் மூன்று வாரம் கழித்து மறுபடி புழு தெரிவதற்கு இதுவே காரணம். பெரிய ஆலைகளில் மாவை வேகமாகச் சுழலும் தட்டில் மோதவிட்டு முட்டைகளை உடைக்கிற எந்திரம் உண்டு. அந்த மாவும் கடைக்காரரின் கிடங்கில் பழைய மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு மாதம் கிடந்தால் ஆலை செய்த பாதுகாப்பு வீணாகிவிடும். எலிக்கும் துணி ஒரு தடையே அன்று.

எனவே மூட்டை வந்த அன்றே, பிரித்து ஒரு தடவை சலித்து டிரம்முக்கு மாற்றிவிடுங்கள். மூட்டை வாயைக் கத்தியால் அறுக்காதீர்கள், நூல் துணுக்குகள் மாவில் விழும். சங்கிலித் தையல் ஆகையால் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் முழுவதும் ஒரே இழுப்பில் உருவிவரும், வராவிட்டால் மறுமுனையைப் பிடியுங்கள். மாவு அரிசியைவிட இலேசான பொருள். 25 கிலோவுக்கு 45 முதல் 50 லிட்டர் கொள்ளும் பாத்திரம் வேண்டும், 50 கிலோவுக்கு அதைப்போல் இரண்டு. ஒரே பெரிய டிரம்மைவிட இரண்டு நடுத்தர டிரம் நல்லது: ஒன்றைத் திறந்து செலவழிக்கும்போது மற்றது காற்றுப் படாமல் மூடியே கிடக்கும். வாய் இறுக மூடும் எவர்சில்வர் டிரம் சிறந்தது. உணவுத்தரம் என்று அச்சிட்ட பிளாஸ்டிக் டிரம்மும் போதும். பெயிண்ட் வந்த வாளி, ரசாயனம் வந்த நீல டிரம் ஆகியவற்றை எத்தனை தடவை கழுவினாலும் மாவுக்குப் பயன்படுத்தக் கூடாது. பழைய மாவின் மேல் புது மாவைக் கொட்டும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். டிரம் காலியானதும் அடி விளிம்பிலும் மூடியின் மடிப்பிலும் ஒட்டியிருப்பதைத் துடைத்து, கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த மூட்டையை நிரப்ப வேண்டும். வீட்டில் வண்டு தொடர்ந்து வருவதற்கு அந்த விளிம்பில் தங்கிய ஒரு பிடி மாவே காரணமாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

வேப்பிலை, காய்ந்த மிளகாய், கிராம்பு, பிரிஞ்சி இலை போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. வாடை வளர்ந்த வண்டை ஓரளவு விலக்கலாம். ஏற்கெனவே மாவில் இருக்கிற முட்டையை அது கொல்லும் என்று நான் நம்பவில்லை, கிடங்கில் முயன்று பார்த்தபோதும் போட்ட மூட்டைக்கும் போடாத மூட்டைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பச்சை வேப்பிலை போட்டால் அதன் ஈரமே கெடுதல் செய்யும். நன்றாக உலர்ந்த மிளகாயை ஒரு துணி முடிச்சில் கட்டிப் போடுவதால் தீங்கு இல்லை, ஆனால் அதை நம்பி மாதக்கணக்கை நீட்ட வேண்டாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். தானியக் கிடங்குகளில் போடுகிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யாராவது ‘ஒன்று போதும், வண்டே வராது’ என்று கையில் கொடுத்தால், அதை வீட்டு வாசலுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை வெளியிடும். அடைத்த அறையில் அந்த வாயு மனித உயிரைப் பறிக்கும், முறிமருந்தும் கிடையாது. பயிற்சி பெற்றவர்கள் பூட்டிய கிடங்கில் செய்ய வேண்டிய வேலை அது, குழந்தைகள் தூங்குகிற வீட்டில் அதற்கு இடமே இல்லை.

குளிர்தான் வீட்டுக்கு ஏற்ற பாதுகாப்பான பூச்சிக்கொல்லி. ஃபிரீசரின் கழித்தல் 18 பாகைக் குளிரில் ஒன்று இரண்டு கிலோப் பொட்டலங்களை நான்கு நாள் வைத்தால் முட்டை முதல் வண்டு வரை எல்லாம் மடிந்துவிடும். மாவு குளிரை மெதுவாகவே உள்ளே விடும் பொருள் என்பதால் பத்துக் கிலோவை ஒரே பையில் திணித்தால் நடுப்பகுதிக்குக் குளிர் போய்ச்சேரப் பல நாள் பிடிக்கும், ஆகவே பொட்டலத்தைச் சிறிதாக்குங்கள். வெளியே எடுத்தவுடன் பிரித்தால் குளிர்ந்த மாவில் காற்றின் ஈரம் படிந்துவிடும். அறைச் சூட்டுக்கு வரும்வரை கட்டியபடியே விட வேண்டும். கோதுமை மாவுக்கு இதைவிட நான் விரும்புவது முன்பே சொன்ன வழிதான். நன்றாகக் காய்ந்த கோதுமையைச் சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் மெல்லிதாகப் பரப்பி, ஆறவைத்து, டிரம்மில் அடைத்தால் ஓராண்டுகூட நிற்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் தானியக் குவியலுக்குள் செருகிவைக்கும் துளையிட்ட குழாய்ப் பொறி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. மணிகளுக்கிடையே ஊர்ந்துபோகும் வண்டு அந்தத் துளை வழியே உள்ளே விழுந்துவிடும். கோதுமைக்கு அது நல்ல கருவி, மாவுக்கு உதவாது, ஏனெனில் மாவே அந்தத் துளைகளில் இறங்கி நிரம்பிவிடும். மாதம் எட்டுக் கிலோ எடுத்து மில்லில் அரைத்துவந்தால் உங்கள் சப்பாத்திக்கு எப்போதும் புது மாவு கிடைக்கும்.

கடையில் வாங்கும்போது விலைக்கு முன்னால் தேதியைக் கேளுங்கள். மூட்டையில் தைத்த சீட்டிலோ துணியிலோ ஆலையின் பெயர், பொதிந்த நாள், பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவை இருக்க வேண்டும். சீட்டே இல்லாத மூட்டை என்றால், அது வேறு மூட்டைகளிலிருந்து கொட்டி மறுபடி தைத்ததாக இருக்கக்கூடும். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஒரே வரியில் இருக்க வேண்டிய தையலுக்குப் பக்கத்தில் பழைய துளைகள் தெரிந்தாலும் அதே சந்தேகம் கொள்ளலாம். 25 கிலோவுக்குப் பதில் 26, 30 கிலோ என்று மூட்டை வருவதைப் பார்த்துப் பலர் ஐயப்படுகிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பொதிந்து பெயர் அச்சிட்ட மாவுக்கும் அரிசிக்கும் 25 கிலோ வரையுள்ள பொதிகளில் 5 விழுக்காடு ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. அந்த எல்லைக்கு மேல் போவதற்காகவே எடையைக் கூட்டினார்கள். உங்களுக்குச் சொன்ன ஐந்து ரூபாய்க் குறைவில் ஒரு பகுதி அதிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். சணல் சாக்கில் தந்தால் மாவுக்கு வாங்காதீர்கள்: நெசவு அகலம் என்பதால் மாவு சிந்தும், தவிர சாதாரணச் சணல் சாக்கின் நாரைப் பதப்படுத்தக் கனிம எண்ணெய் சேர்ப்பது உண்டு.

எந்த நிலையில் மாவைக் கொட்டிவிட வேண்டும் என்பதில் நான் கண்டிப்பானவன். ஒன்றிரண்டு வண்டு தெரிந்த மைதாவைச் சலித்து உடனே சமைத்து முடிப்பதை நான் தடுக்க மாட்டேன். மாவு இளஞ்சிவப்பாக மாறி, மூக்கைத் துளைக்கும் மருந்து வாடை அடித்தால், வண்டுகள் சுரக்கும் குவினோன் என்ற பொருள் மாவெங்கும் கலந்துவிட்டது என்று பொருள். அதைச் சலித்து மீட்க முடியாது. பூசணம் கண்டால் கெட்ட பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்துவது தவறு, ஏனெனில் பூசண நச்சு கண்ணுக்குத் தெரியாது, அடுப்புச் சூட்டிலும் முழுதாக அழியாது. விற்பனைக்குச் செய்கிற பண்டத்தில் இந்த ஐயத்துக்கு இடமே கொடுக்கக் கூடாது. உங்கள் மாமியாருக்கு மாவு சலித்தால் மூச்சு இழுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மாவுத் தூசியால் ஆஸ்துமா வரும் என்பது பேக்கரித் தொழிலில் நன்கு அறியப்பட்டது. அவருக்கு வந்திருப்பது அதுதானா என்று நான் சொல்ல இயலாது, மருத்துவரே பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை அவரைச் சலிக்கும் வேலையிலிருந்து விலக்கி, அந்த வேலையைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலி மூட்டையை என்ன செய்வது என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அதை மாவு டிரம்முக்குப் பக்கத்தில் மடித்து வைக்காதீர்கள். தையல் மடிப்பில் முட்டை தங்கியிருக்கும். வீட்டுக்கு வெளியே உட்புறத்தைத் திருப்பி உதறுங்கள், முதலில் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து மாவுப் பசையைப் போக்குங்கள், அதன்பின் கொதிநீரில் அமிழ்த்தித் துவைத்துக் காயவையுங்கள். நேராகக் கொதிநீரில் போட்டால் மாவு வெந்து துணியில் பசையாக ஒட்டிக்கொள்ளும். நல்ல பருத்தித் துணியாக இருந்தால் அடுத்த மாதம் மில்லிலிருந்து வரும் சூடான கோதுமை மாவைப் பரப்பி ஆறவைக்க அதுவே போதும்.